ஊசிக்கு அஞ்சுவானேன்?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "கட்டியில் ஊசி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும், சாமி!" இவ்வச்சமும் வெட்கமும் சேர்ந்து, அறுபதைக் கடந்த ஆடவர் பலரை மருத்துவரை அண்டவிடுவதில்லை. இரவில் ஐந்து முறை எழுந்தாலும் 'வயோதிகம்' என்று இருந்துவிடுகின்றனர். இடுப்பெலும்பில் வலி கண்டு படுத்த பின்னரே, மருத்துவருக்கும் நோயில்பூசுதலுக்காகக் குருவானவருக்கும் ஒரே நாளில் ஆள் வருகிறது.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்துள்ள சுரப்பி. முதுமையில் அது பருப்பது பெரும்பாலும் புற்றன்று. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் மிகுவதும் முடிவான சான்றன்று. சாதாரண வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும்கூட அது மிகும். ஐயத்தைத் தீர்ப்பது, சுரப்பியின் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் காணும் 'பயாப்ஸி'யே.

முன்னாளில் விரலால் தடவி உணர்ந்த முடிச்சில் மட்டும் ஊசி செலுத்துவர். 1989இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு மருத்துவர்கள், ஸ்கேன் துணையுடன் ஆறு இடங்களில் ஒழுங்காகத் திசு எடுக்கும் முறையை வெளியிட்டனர். இன்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுப்பது வழக்கம். மரத்துப்போகும் மருந்து செலுத்தியபின், விசை ஊசி நொடிப்பொழுதில் நூலிழை போன்ற துணுக்கை எடுத்துவிடும். ஊசியை மலக்குடல் வழியாகவும் செலுத்தலாம். விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகவும் செலுத்தலாம். பின்னதில் குடற்கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் வாய்ப்புக் குறைவு. 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 28 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை.

ஊசியால் புற்று பரவுவது மிக மிக அரிது. பரவச் செய்வது நாம் கடத்தும் காலமே. புற்றென்று தெரிந்தாலும் உடனே கத்தி என்பதில்லை. வீரியம் குறைந்ததாயின் அவ்வப்போது சோதித்துக் கண்காணிப்பதே போதும் என மருத்துவர் சொல்வதுண்டு. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு இந்நோய் 1997இல் கண்டறியப்பட்டது. ஆங்கிலிக்கன் சபையினரான அவர் இறந்தது 2021இல், தம் 90ஆம் வயதில். நோயை அவர் ஊரறியச் சொன்னார். நம்மவரோ மனைவியிடமும் சொல்வதில்லை!

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதை முன்னரே மருத்துவரிடம் கூறவேண்டும். சோதனைக்குப்பின் சில நாள்கள் சிறுநீரில் சிறிது இரத்தம் காணலாம். விந்தில் சில வாரங்கள் காணலாம். அஞ்சவேண்டா. குளிர்காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ, விடியட்டும் என்றிராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்க.