காற்றுக்குதிரை

லடாக் போய்வந்த பைக்குகளை நம் ஊர்ச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில்பாரில் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சின்னச் சின்னத் துணிகள் படபடக்கும். வண்டிக்குத் திருஷ்டி கழிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பைலகுப்பேயில் ஒரு டீக்கடையில் போய் உட்காரும் வரை.

பைலகுப்பே, மைசூரு மாவட்டத்தில், குஷால்நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1959இல் தலாய் லாமா எல்லை கடந்து இந்தியா வந்தபோது பின்னாலேயே வந்த திபெத்தியர்களுக்காக 1961இல் காட்டைத் திருத்தி உருவான குடியிருப்பு. கடைக்கார அம்மாவை எல்லாரும் 'அமா-லா' என்றார்கள். அமா என்றால் அம்மா. 'லா' நம் 'ங்க' மாதிரி, மரியாதைக்கு. அவர் தந்த டீயில் சர்க்கரை கிடையாது, உப்பும் வெண்ணெயும்தான். டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கிவிடும். ஒரு வாய் குடித்ததுமே மறுபடி ஊற்றிவிடுவார்கள். போதுமென்றால் கோப்பையை நிறைய விட்டுவைக்க வேண்டும்.

எதிர்க்கூரையில், பைக்குகளில் பார்த்த அதே துணிக்கொடிகள். பெயர் லுங்தா. லுங் என்றால் காற்று, தா என்றால் குதிரை. நடுவில், முதுகில் ரத்தினம் சுமந்த குதிரை. நான்கு மூலைகளில் கருடன், டிராகன், புலி, பனிச்சிங்கம். சுற்றிலும் மந்திரங்கள். சேலைக்கு அச்சுக்கட்டை வைத்து ஒற்றுவதுபோல, மரத்தில் எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கி, மை தடவித் துணியில் ஒற்றுவது பழைய முறை.

நிறங்களின் கணக்கு நமக்குப் பழகியதுதான், பஞ்சபூதம். நீலம் வானம், வெள்ளை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் நிலம். கட்டும்போதும் இதே வரிசை.

நாம் தவறுவது இதற்கு அடுத்த படியில். நம் கோயில் மரத்தில் மஞ்சள் துணி முடிவோம், தொட்டில் கட்டுவோம். எனக்கு இது வேண்டும் என்ற வேண்டுதல் அது. அந்தப் பழக்கத்தில், இந்தக் கொடியையும் கடவுளுக்கு எழுதிய மனு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் புத்தர் இவர்களுக்கு வரம் தருகிற சாமி இல்லை. மந்திரத்தின் நன்மை காற்றில் ஏறும், காற்று போகிற வழியில் இருக்கிற உயிர்களுக்கெல்லாம் அது சேரும் என்பதே நம்பிக்கை. சாம்பிராணி போட்டால் புகை நம் வீட்டோடு நின்றுவிடுகிறதா? பக்கத்து வீட்டுக்கும் போகிறது, அவரோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும். கட்டியவர் பெயர்கூட அதில் இருக்க வேண்டியதில்லை.

"இப்படி வெளுத்துக் கிழிந்துகிடக்கிறதே, புதுசு மாற்றக்கூடாதா?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். அமா-லா சிரித்துவிட்டார். வெளுத்தால்தானே எழுத்து காற்றோடு போயிருக்கிறது என்று பொருள்! நமக்குப் பராமரிப்பில்லாததாகத் தெரிந்தது அவருக்கு வேலை முடிந்த கொடி. அதனால் பழையதை அவசரமாகப் பிய்ப்பதில்லை. லோசர் என்கிற புத்தாண்டு சமயத்தில் பக்கத்திலேயே புதியதைக் கட்டுகிறார்கள். அவிழ்த்ததைக் குப்பையில் போடாமல் எரித்துவிடுகிறார்கள். எழுத்து இருப்பதால் தரையிலும் வைப்பதில்லை. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு கொடி மடித்தபடி இருந்தால், மொட்டைமாடியில் நல்ல காற்று வருகிற மூலையாகப் பார்த்துக் கட்டிவிடுங்கள். வெளுக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.