வாளின் நிழலில் கிடைத்த வாழ்வு

டைகிரிஸ் நதிக்கரையில் கி.பி. 762-இல் நிறுவப்பட்ட பாக்தாத் நகரம், கல்வியாலும் வாணிபத்தாலும் இஸ்லாமிய உலகின் திலகமாய் விளங்கியது. 1258-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மங்கோலியப் பெரும்படை அந்நகரை முற்றுகையிட்டது. படைத்தலைவன் செங்கிஸ்கானின் பேரனாகிய ஹூலாகு கான். இரண்டாண்டுகளுக்கு முன்னர்ப் பாரசீகத்து அலாமூத் மலைக்கோட்டையைப் பணியவைத்தவனும் அவனே.

பிப்ரவரி 10-ஆம் நாள் கலீபா அல்-முஸ்தாசிம் சரணடைந்தார். அதன்பின் நகரம் சூறையாடப்பட்டது, கலீபாவும் கொல்லப்பட்டார். மாண்டோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று ஹூலாகுவே 1262-இல் பிரான்சு மன்னர் புனித லூயிக்கு விடுத்த மடலில் தெரிவித்தான்.

இப்பேரழிவில் பாக்தாத் கிறிஸ்தவர்கள் உயிர் தப்பினர். ஹூலாகுவின் தாயும், மனைவி தோகுஸ் காத்தூனும் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அச்சபையின் முதுபெரும் தந்தைக்கு அந்நகரில் மாளிகை ஒன்றும் வழங்கப்பட்டது. உயிர் பிழைத்தவன் இறைவனுக்கு நன்றி செலுத்துவதில் குற்றமில்லை. ஆனால், அயலான் வீடு எரிகையில் ஆர்ப்பரிப்பது முறையாகுமா?

1260-இல் தமஸ்கு நகர் மங்கோலியர் வசமாயிற்று. அங்கிருந்த கிறிஸ்தவருள் சிலர் சிலுவை ஏந்தி வெற்றி உலா வந்தனர் என்றும், பள்ளிவாசல்களின்மீது மதுவைத் தெளித்தனர் என்றும் இஸ்லாமிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். அந்த மகிழ்ச்சி ஓராண்டும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், பாலஸ்தீனத்து அயின் ஜாலூத்தில், எகிப்தின் மம்லூக்குப் படை மங்கோலியரை முறியடித்தது. ஹூலாகுவின் கிறிஸ்தவத் தளபதி கித்புகா மடிந்தான். தமஸ்குவில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டனர். அவர்தம் ஆலயம் தீக்கிரையாயிற்று.

1265-இல் ஹூலாகுவும் தோகுஸ் காத்தூனும் இறந்தனர். 1295-இல் ஹூலாகுவின் கொள்ளுப்பேரன் காசான் இஸ்லாத்தைத் தழுவி அரியணை ஏறினான். எந்த வமிசத்தின் வாள் கிறிஸ்தவர்க்கு அரணாய் நின்றதோ, அதே வமிசத்தின் ஆட்சியில் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. முதுபெரும் தந்தை மூன்றாம் யாபல்லாகா பிடிக்கப்பட்டு அடியும் உதையும் பட்டார். பாக்தாத் வீழ்ந்து முப்பத்தேழு ஆண்டுகளே கழிந்திருந்தன.

அன்பு வாசகர்களே, அரசனின் தயவு அரண்மனையோடு மாறிவிடும். அயலானின் அன்போ தலைமுறை தலைமுறையாகத் துணைநிற்கும். சிறுபான்மையாய் வாழும் மக்கள் இதனை மறத்தலாகாது. தம்மைக் காக்க உருவிய வாளையே உறையிலிடுமாறு இராயப்பருக்குக் கட்டளையிட்டவர் நம் ஆண்டவர். இஸ்லாமியரோடு கடந்தகாலப் பகைமையை மறந்து, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாய் உழைக்கும்படி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மை அழைத்தது. அவ்வழைப்புக்கு நாம் செவிசாய்க்க வேண்டிய இடம் தொலைவில் இல்லை. அடுத்த வீட்டுத் துயரத்தில் கண்கலங்குவதும், அவ்வீட்டுத் திருநாளில் உளமார மகிழ்வதுமே அதன் தொடக்கம். இதனை நம் பிள்ளைகளுக்கு இல்லத்திலேயே கற்பிப்போமாக.