எடையா, உறுதியா?

மலையேற்றத்திற்காக முதுகுப்பை வாங்கச் செல்பவர் கடையில் சற்றுத் தயங்கி நிற்பதுண்டு. 50 லிட்டர் கொள்ளளவு உடைய இரண்டு பைகள் அவர்முன் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தடித்த துணியால் ஆனது; அதன் எடை 2.2 கிலோகிராம். மற்றொன்று மெல்லியது, அதன் எடை 1 கிலோகிராம்தான். வேறுபாடு 1.2 கிலோகிராம். ஒரு லிட்டர் தண்ணீரைவிட அதிகமான அச்சுமையை நாள் முழுவதும் முதுகு தாங்க வேண்டும். அப்படியானால், மெல்லிய பையே சிறந்ததா?

துணிக்குரிய நூலின் தடிமனை ‘டெனியர்’ என்னும் அளவால் குறிப்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் 210 கிராம் எடை இருந்தால், அது 210 டெனியர் நூல். ஒரே வகை நைலானில் இந்த எண் கூடக் கூடத் துணி உராய்வை நன்கு தாங்கும், எடையும் ஏறும். மெல்லிய துணியில் இடையிடையே வலுவான நூலைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து நெய்வதும் உண்டு. அத்தகைய துணியில் முள் குத்தினாலும் கிழிசல் எளிதில் பரவாது.

மலையின் உயரத்தைப் பார்த்துப் பையைத் தேர்ந்தெடுப்போர் பலர். அது சரியான அளவுகோல் அன்று. சபாவிலுள்ள கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். ஆயினும், பெரும்பாலோர் இரண்டு நாளில் ஏறி இறங்கிவிடுவர். வழியிலுள்ள விடுதியில் உணவும் படுக்கையும் கிடைக்கும். குளிராடை, மழையாடை, தண்ணீர், சிறிது தின்பண்டம் ஆகியவற்றைக் கொள்ளும் மெல்லிய சிறுபையே அங்குப் போதும். தாமான் நெகாராவிலுள்ள தகான் மலையோ 2,187 மீட்டர்தான். ஆனால், கோலா தகான் வழியாகச் சென்று திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கூடாரம், அடுப்பு, அரிசி என அனைத்தையும் சுமந்துகொண்டு பலமுறை ஆற்றைக் கடக்க வேண்டும். பிரம்புக் கொடியின் முட்கள் பையைப் பற்றி இழுக்கும். நடுக்காட்டில் தோள்வார் அறுந்தால் என்ன செய்வது? அங்கு உறுதியான பைதான் வேண்டும்.

சுமை மிகும்போது இன்னொன்றும் நேர்கிறது. உறுதியான பையின் சட்டமும் இடுப்புப் பட்டையும் சுமையின் பெரும்பகுதியை இடுப்புக்கு மாற்றிவிடும். சட்டமில்லாத மெல்லிய பையில் 15 கிலோகிராம் பொருளைத் திணித்தால், முழுச் சுமையும் தோளை அழுத்தும். தராசில் இலேசான பை முதுகில் கனப்பது இதனால்தான்.

ஆகவே, முதலில் குறைக்க வேண்டியது பையின் எடையை அன்று, பைக்குள் இருப்பதை. அமெரிக்காவின் எம்மா கேட்வுட் 1955ஆம் ஆண்டில், தமது 67ஆம் வயதில், 3,000 கிலோமீட்டருக்கும் நீண்ட அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். அவர் தோளில் தொங்கியது தாமே தைத்த டெனிம் துணிப்பை. கூடாரமோ உறக்கப்பையோ அவரிடம் இல்லை. கொட்டும் மழைக்காட்டில் அந்த அளவு துணிச்சல் நமக்குத் தேவையில்லைதான்!

கடையில் துணியை மட்டும் தடவிப் பார்ப்பது போதாது. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் தையல் இரட்டிப்பாக உள்ளதா, அடிப்பகுதித் துணி தடித்துள்ளதா என்று பாருங்கள். பெரும்பாலும் பழுதடைபவை இவ்விடங்களே. பயணம் முடிந்ததும் பையை நிழலில் நன்கு உலர்த்தி வையுங்கள். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால், துணியின் உட்பக்கத்திலுள்ள நீர்காப்புப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரிந்துவிடும். தடித்த பையும் இதற்கு விதிவிலக்கன்று.