வெடிக்காத தோட்டாவுக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: பிகாரின் சுபௌல் மாவட்டத்தில் உள்ள பலுவா கிராமத்தில், 2019 ஆகஸ்ட் 21-ஆம் தேதி முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு நடைபெற்றது. முதல்வர் நிதீஷ் குமார் முன்னிலையில், அரசு மரியாதைக்காக 22 போலீஸார் துப்பாக்கிகளை உயர்த்தினர். விசையை இழுத்தும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

தொலைக்காட்சிகளுக்கு அது கேலிப் பொருளானது. எனினும், அந்த எண்ணிக்கையே ஒரு தடயம். ஒரு துப்பாக்கி மட்டும் வெடிக்காவிட்டால், ஊசி தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். 22 துப்பாக்கிகளும் ஒருசேரப் பொய்த்தால், சந்தேகம் முதலில் தோட்டாக்களின் மீதுதான் விழ வேண்டும்.

இதற்கு முந்தைய ஆண்டு, உத்தரப் பிரதேசத்தின் சம்பல் மாவட்டத்தில் குற்றவாளிகளைத் தேடிச் சென்ற காவல் அதிகாரி ஒருவரின் கைத்துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அவர் வாயாலேயே "டாய், டாய்" என்று ஒலி எழுப்பிய காட்சி நாடெங்கும் பரவியது. சிரித்தவர்கள் பலர். எதிரில் துப்பாக்கி ஏந்தியவன் இருக்கையில் அந்த அதிகாரியின் நிலை என்ன என்று எண்ணியவர்கள் சிலரே.

தோட்டா என்பது உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கின் சேர்க்கை. பிரைமரில் ஈரமோ எண்ணெயோ ஏறினால் தோட்டா வெடிக்காது. உறையின் அளவு மயிரிழை பிசகினாலும் கைத்துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். இவற்றைவிட ஆபத்தானது, மருந்து குறைவாகவோ அறவே இல்லாமலோ நிரப்பப்பட்ட தோட்டா. பிரைமரின் விசை மட்டும் குண்டை நகர்த்தி, குழலின் நடுவே நிறுத்திவிடும். ஒலி மெலிந்து கேட்டதைக் கவனிக்காமல் அடுத்த முறை சுட்டால் குழல் பிளக்கும். சுடுபவரின் கையும் கண்ணும் போகக்கூடும்.

அமெரிக்காவில் பலர் பயன்படுத்திய உறைகளில் வீட்டிலேயே மருந்து நிரப்பிக்கொள்கின்றனர். அங்கு தவறு நேர்ந்தால், நிரப்பியவரும் சுடுபவரும் பெரும்பாலும் ஒருவரே. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும், தயாரிப்பு இயந்திரங்களும்கூட அச்சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. ஆகவே, இங்கு செய்பவர் ஒருவர், சோதிப்பவர் இன்னொருவர், கிடங்கில் காப்பவர் மற்றொருவர், சுடுபவர் வேறொருவர். பழி சுற்றிக்கொண்டே இருக்க இது போதும்.

ஆலையில் எல்லாத் தோட்டாக்களையும் சுட்டுப் பார்க்க இயலாது. சுட்டால் அது தீர்ந்துவிடும். எனவே, ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்தே சோதிக்கின்றனர். தோட்டாவின் அடியில் ஆலையின் அடையாளமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். புணே அருகே உள்ள கட்கி ஆலை எனில் 'கே.எஃப்.' என்ற எழுத்துகளைக் காணலாம். பழுதான தோட்டாவையும், அதன் லாட் எண்ணையும் பத்திரப்படுத்தினால் மட்டுமே காரணத்தைத் தேடிச் செல்ல முடியும்.

ராணுவத்திலேயே இந்தத் தேடல் பலமுறை சச்சரவில் முடிந்துள்ளது. 2014 முதல் தரமற்ற வெடிபொருள்களால் 400-க்கும் மேற்பட்ட விபத்துகள் நிகழ்ந்ததாகவும், சுமார் ரூ.960 கோடி இழப்பு ஏற்பட்டதாகவும் ராணுவத்தின் உள் அறிக்கை ஒன்று கூறியதாக 2020-இல் செய்தி வெளியானது. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் அதை மறுத்தது. பீரங்கிப் பராமரிப்பு, கையாளும் முறை, வடிவமைப்பு எனப் பிற காரணங்களை அது சுட்டிக்காட்டியது. இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், 2016 மே 31-இல் மகாராஷ்டிரத்தின் புல்காவ் கிடங்கில் மூண்ட தீயில் இரு அதிகாரிகள் உள்பட 16 பேருக்கு மேல் உயிரிழந்தனர். குறைபாடுள்ள கண்ணிவெடிகளில் இருந்து வெடிமருந்து கசிந்ததே அதற்குக் காரணம் எனப் பின்னர் கூறப்பட்டது.

2021 அக்டோபர் 1-இல் வாரியம் கலைக்கப்பட்டு, 41 ஆலைகளும் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கட்கியும், நீலகிரியின் அருவங்காடு வெடிமருந்து ஆலையும் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தன. தர உறுதி இயக்குநரகமும் 2024-இல் சீரமைக்கப்பட்டது.

இந்த மாற்றங்கள் அனைத்தும் ராணுவத்தை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. காவல் துறையோ மாநிலப் பொறுப்பு. ஒரு மாநிலத்தில் பொய்த்த லாட், அடுத்த மாநிலக் காவல் நிலையத்தின் பெட்டியிலும் இருக்கக்கூடும். பழுதான லாட் எண்களை எல்லா மாநிலங்களுக்கும் உடனுக்குடன் தெரிவிப்பதை உள்துறை அமைச்சகம் கட்டாயமாக்கினால் என்ன? அதற்குப் புதிய ஆலையோ, பெரும் நிதியோ தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.