சின்ன பெட்டரி செய்த குற்றம், பெரிய பெட்டரிக்குத் தண்டனை

தோட்டத்துச் சம்பள நாளுக்கு முதல் நாள், பொகவந்தலாவையில் கடை வைத்திருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியொரு நாள் அதிகாலையில், ஹட்டனுக்குச் சரக்கெடுக்கப் போவதற்காக என் ஹைபிரிட் காரில் ஏறிப் பொத்தானை அழுத்தினேன். இன்ஜின் அசையவில்லை. மீட்டர் பலகையில் இருந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக மினுங்கின. சற்று நேரத்தில் அவையும் அணைந்துபோயின.

கராஜ் ஒன்றிலிருந்து ஆள் வந்தார். விளக்குகள் மினுங்கிய விதத்தைச் சொன்னதுமே, "ஹைபிரிட் பெட்டரி முடிஞ்சு போச்சு முதலாளி, மாத்தத்தான் வேணும்" என்றார். அவர் கேட்ட தொகை சில இலட்சங்கள். சரக்குக்கு வைத்திருந்த காசிலிருந்து முற்பணம் கொடுக்கவும் நான் தயாராகிவிட்டேன். நல்ல வேளை, மின்சார வேலை தெரிந்த என் தங்கையின் மகன் அந்நேரம் வந்து சேர்ந்தான். "மாமா, பெரிய பெட்டரியைக் குறை சொல்ல முன்னுக்கு சின்னதை அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

அளந்தோம். 12 வோல்ட் பெட்டரியில் இருந்தது 10.9 வோல்ட். அதைக் கழற்றி மெதுவாக சார்ஜ் ஏற்றி மாட்டியதும் கார் ஓடியது. பிறகு சின்ன பெட்டரியை மட்டும் மாற்றினேன். "முடிந்து போன" பெரிய பெட்டரி இன்றுவரை வேலை செய்கிறது. அன்றைய வியாபாரம் கெட்டது கெட்டதுதான். ஆனால் இலட்சங்கள் தப்பின. இந்த அனுபவம் நம் சகோதர வியாபாரிகளுக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

இரண்டு பெட்டரிகள், இரண்டு வேலைகள்

டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த வகை வாகனங்களில் இரண்டு பெட்டரிகள் உண்டு. சக்கரத்தைச் சுழற்ற உதவும் பெரிய பெட்டரி பிரியஸில் சுமார் 200 வோல்ட், அக்குவாவில் 144 வோல்ட். மற்றது சாதாரண 12 வோல்ட் பெட்டரி.

இன்ஜினைச் சுழற்றி உயிர்ப்பிப்பது பெரிய பெட்டரியே. சின்னது செய்வது காவற்காரன் வேலை. பொத்தானை அழுத்தியதும் கணினிகளை எழுப்பி, பெரிய பெட்டரியின் கதவைத் திறந்துவிடுகிறது. காவற்காரன் மயங்கிக் கிடந்தால், களஞ்சியம் நிறையச் சரக்கிருந்தும் கடை திறக்காது. மின்னழுத்தம் குறைந்ததும் கணினிகள் குழம்பிப்போய், சம்பந்தமில்லாத விளக்குகளையும் எரியவிடும். பெரிய பெட்டரி போய்விட்டது என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சுசுக்கி வேகன் ஆர் ஹைபிரிட்டில் இருக்கும் சிறிய லித்தியம் பெட்டரி ஒரு துணை மட்டுமே. அதில் காலையில் இன்ஜினை முதலில் எழுப்புவது சாதாரண பெட்டரிதான்.

என் பிழைகள்

வரவு குறைந்து செலவு கூடினால் கடை மூடப்படும். பெட்டரிக்கும் அதே கணக்கு. என்னிடம் நான்கு பிழைகள் இருந்தன.

முதலாவது, வாகனத்தில் பொருத்திய கமரா. அது நிறுத்தி வைத்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. கால் அம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 6 அம்பியர்-மணி. 36 அம்பியர்-மணி பெட்டரியை ஆறே நாளில் குடித்து முடித்துவிடும்.

இரண்டாவது, ஸ்மார்ட் சாவி. காரைக் கடை வாசலில் நிறுத்தி, சாவியைச் சில அடி தூரத்தில் காசு மேசைக்குப் பின்னால் தொங்கவிடுவேன். சாவி பக்கத்தில் இருக்கும்வரை காரும் அதுவும் ஒன்றையொன்று தேடி விழித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, வீட்டுக்கும் கடைக்கும் இடையிலான குறுகிய ஓட்டம். செலவழித்ததைத் திரும்ப ஏற்ற அந்த நேரம் போதாது. நம் ஊர்ப் பனிக்குளிரும் பழைய பெட்டரியின் வலுவைக் குறைக்கும்.

நான்காவது, பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தி வானொலி கேட்பது. "ரெடி" விளக்கு எரிந்தால் மட்டுமே சின்ன பெட்டரிக்கு மின் ஏறும். மற்ற நிலைகளில் செலவு மட்டும்தான்.

2020 ஊரடங்கிலும், 2022 எரிபொருள் நெருக்கடியில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆர் முறை வந்தபோதும், பெற்றோலை மிச்சம் பிடிக்க வாகனங்களை வீட்டிலேயே நிறுத்தி வைத்தோம். பெற்றோல் மிஞ்சியது, பெட்டரி செத்தது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே நம்மிடம் இருக்கும் பல வாகனங்களுக்கு வயது கூடிவிட்டது. கவனமும் கூட வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் ஓய்ந்த வாகனத்தில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 11.8க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வெறுமை. "ரெடி" நிலையில் 14 வோல்ட் அளவில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள்.

ஓடாத வாகனத்தை வாரம் ஒரு முறையாவது காற்றோட்டமுள்ள இடத்தில் "ரெடி" நிலையில் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். அதைவிட ஓட்டுவது நல்லது. கியர் "பி"யில் இருக்கட்டும். "என்"னில் வைத்தால் பெரிய பெட்டரிக்கு மின் ஏறாது.

சின்ன பெட்டரி வாகனத்துக்குள்ளே இருக்கும் மாதிரிகளில், வாயுவை வெளியேற்றும் குழாய் பூட்டக்கூடிய சரியான வகையையே போட வேண்டும். விலை குறைவென்று சாதாரண பெட்டரியைப் போடாதீர்கள்.

கார் திறக்காவிட்டால் றிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் முன்கதவைத் திறக்கலாம். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் வெளியிலிருந்து மின் கொடுக்கும் முனை போனட்டுக்குக் கீழே, பியூஸ் பெட்டியில் இருக்கிறது. வயரை மாற்றிக் கொடுத்தால் விலையுயர்ந்த பாகங்கள் எரிந்துவிடும். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து இன்னொரு லொறிக்கோ வேனுக்கோ மின் கொடுக்கவும் வேண்டாம். தோடம்பழ நிற வயர்கள் உயிருக்கே ஆபத்து. அவற்றைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடட்டும்.

பெரிய பெட்டரிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பின் ஆசனத்தருகே அதற்குக் குளிர்ச்சி தரும் காற்று வழி இருக்கும். நாம் அரிசிப் பையையும் துணி மூட்டையையும் வைத்து அதை அடைத்துவிடுகிறோம். தூசி வடியைத் துப்புரவாக வைத்தால் ஆயுள் கூடும்.

கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது, காலை எடுத்த பிறகும் இன்ஜின் இரைகிறதே என்று பயப்பட வேண்டாம். இறக்கத்தில் பெரிய பெட்டரி நிறைந்துவிட்டால், இன்ஜினைச் சுழற்றி வேகத்தை அடக்குவது அதன் இயல்பு.

பெரிய பெட்டரியும் ஒரு நாள் முடியத்தான் செய்யும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது, சின்னதை நிறைத்த பிறகு கணினிக் கருவி மாட்டிச் செய்யும் பரிசோதனை. மீட்டர் பலகை விளக்கு அல்ல. அடுத்த முறை யாராவது இலட்சக் கணக்குச் சொன்னால், காசை எடுக்க முன், "சின்ன பெட்டரி எத்தனை வோல்ட்?" என்று கேளுங்கள்.