துருப்பிடித்த யந்திரமும் பொறுமையும்

அமெரிக்கப் பண்ணைகளுக்கு மின்சாரம் எட்டுமுன் தண்ணீர் இறைத்ததும் விறகு அறுத்ததும் சிறு பெட்ரோல் யந்திரங்களே. ஜான் டீர் கம்பெனி 1923 முதல் 1946 வரை செய்த 'இ' ரகம் அவற்றுள் ஒன்று. வேகம் மிஞ்சினால் அதன் புகை வால்வு திறந்தபடியே நிற்கும். சக்கரத்தின் கனமே யந்திரத்தைச் சுழற்றும். வேகம் தணிந்ததும் மறுபடி ஒரு வெடி! பெட்ரோல் வீணாவதில்லை.

இரண்டாவது மகாயுத்தத்தில் இத்தகைய யந்திரங்கள் பல பழைய இரும்பாக உருக்கப்பட்டன. எஞ்சியவற்றைத்தான் இன்று சிலர் பொழுதுபோக்காகச் செப்பனிடுகிறார்கள். துருவேறி இறுகிய பிஸ்டனை அசைப்பதே பெரும்பாடு. எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆத்திரப்பட்டுச் சம்மட்டியை ஓங்கினால் வார்ப்பிரும்பு உடைந்துபோகும். மந்தமான மாணாக்கனிடம் நாம் அவ்வளவு பொறுமை காட்டியதுண்டோ? யந்திரம் ஓடத் தொடங்கிய பின்னும் கவலை தீராது. குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீரை வடிக்க மறந்தால், அது உறைந்து ஒரே இரவில் தொட்டியைப் பிளந்துவிடும்.