தோற்ற காசுக்கு அடகுத் துண்டு இல்லை: இணையவழிப் போக்கரும் கட்டுப்பாடும்

யூரியூப்பில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் வந்து விழும் விளம்பரங்களில் சீட்டாட்டச் செயலிகளுக்குத் தனி இடம் உண்டு. "இது சூது அல்ல, திறமை விளையாட்டு" என்பதுதான் பெரும்பாலும் அவற்றின் முதல் வரி. ரெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே வாசகம் சுற்றுகிறது. நிதானமாக, கட்டுப்பாட்டோடு ஆடினால் கைத்தொலைபேசியிலேயே மாத வருமானம் பார்க்கலாம் என்பது அதன் தொடர்ச்சி.

இந்த வாசகம் முழுப்பொய் அல்ல. போக்கரில் திறமைக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அந்தத் திறமை எது, கட்டுப்பாடு என்று தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதைச் சொல்கிறார்கள், அது ஏன் பெரும்பாலானோருக்கு நள்ளிரவைத் தாண்டி நிலைப்பதில்லை என்பதை விளம்பரம் சொல்வதில்லை. வெளிநாட்டில் இருந்து வரும் காசிலும், கடனிலும், அடகு வைத்த நகையிலும் நாள் ஓடும் வீடுகளில் இந்த விபரம் தெரிந்திருப்பது அவசியம்.

304 அல்ல இது

எங்கள் ஊர்களில் சீட்டு என்றால் பலருக்கும் 304தான் நினைவுக்கு வரும். அதில் கூட்டாளி உண்டு, துரும்பு உண்டு. தோற்றால் நக்கல் மட்டும்தான், பெரிதாக ஒன்றும் போகாது. போக்கரில் கூட்டாளி இல்லை. உலகெங்கும் அதிகம் ஆடப்படும் 'ரெக்சாஸ் ஹோல்டம்' முறையில் ஒவ்வொருவருக்கும் மறைவாக 2 சீட்டுகள் கிடைக்கும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் காசு கட்டலாம், கூட்டலாம், அல்லது சீட்டை வைத்துவிட்டு விலகலாம்.

விலகுவதுதான் இந்த விளையாட்டின் முதல் திறமை. கிடைக்கும் சீட்டுகளில் பெரும்பகுதியை ஆடாமலேயே கீழே வைப்பவர்கள்தான் நன்றாக ஆடுபவர்கள். அதாவது, ஒரு மணித்தியாலத்தில் பெரும்பாலான நேரம் அவர்கள் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சலிப்பைத் தாங்கத் தெரியாதவர் பலவீனமான சீட்டோடு உள்ளே இறங்குவார். கட்டுப்பாடு அங்கேயே உடையத் தொடங்குகிறது.

சரியாக ஆடியும் தோற்கலாம்

ஹோல்டத்தில் மிகச் சிறந்த ஆரம்பச் சீட்டு இரண்டு ஆசு. அது சராசரியாக 221 கைகளுக்கு ஒருமுறைதான் வரும். எதிரில் இருப்பவரிடம் இரண்டு இராசா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் முழுக்காசையும் கட்டிவிட்டால், ஆசு வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 82. மிகுதி 18 தடவைகளில், எந்தப் பிழையும் விடாமலே அவர் தோற்பார். ஐந்து தடவையில் ஏறக்குறைய ஒரு தடவை.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. பிழையாக ஆடியவரும் அடிக்கடி வெல்வார். ஒரே இனத்தில் நான்கு சீட்டு வைத்துக்கொண்டு ஐந்தாவதுக்காகக் காத்திருப்பவருக்கு, இன்னும் ஒரே ஒரு சீட்டுத்தான் திறக்க இருக்கிறது என்றால், அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20க்கும் குறைவு. அதற்காகப் பெருந்தொகை கட்டுவது பிழை. ஆனால் அந்த ஒருமுறை சீட்டு வந்துவிட்டால், "நான் நல்ல ஆட்டக்காரன்" என்ற பாடத்தைத்தான் மூளை எடுத்துக்கொள்கிறது.

முடிவை வைத்துத் தீர்மானத்தை எடைபோடக்கூடாது என்பதே தேர்ந்தவர்களின் அடிப்படை விதி. ஒரு இரவின் வெற்றியோ ஒரு கிழமையின் வெற்றியோ திறமைக்குச் சான்று அல்ல. பல்லாயிரம் கைகளின் கணக்கைப் பார்த்தால்தான் ஒருவர் உண்மையில் வெல்கிறாரா என்பது புலப்படும். அந்தக் கணக்கை எழுதி வைப்பவர்கள் மிகக் குறைவு.

'ரில்ற்' என்னும் நிலை

போக்கர்காரர்கள் 'ரில்ற்' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துவார்கள். பின்போல் இயந்திரங்களைக் கோபத்தில் உலுக்கிச் சரித்தால் இயந்திரம் அந்தச் சொல்லைக் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிடும். அதிலிருந்து வந்த சொல் இது. பெரிய தொகையை அநியாயமாக இழந்ததும் மனம் சரிந்து, கணக்கு மறந்து, கோபத்தில் ஆடத் தொடங்கும் நிலையை அது குறிக்கிறது.

இழப்பின் வலி அதே அளவு இலாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று டானியல் கானமன், ஏமஸ் ற்வேர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்கள். நட்டத்தில் நிற்கும் மனிதர், வழக்கமாக எடுக்காத ஆபத்தையும் எடுப்பார். பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற ஒரு வாய்ப்புத் தெரிந்தால் போதும், அதன் பின்னால் ஓடுவார். 5,000 ரூபாய் தோற்றவர் அதை ஒரே கையில் எடுக்க 10,000 கட்டுவது இப்படித்தான்.

இழந்ததை மீட்பது என்பது எங்கள் சமூகத்தில் வெறும் வார்த்தை அல்ல. காணியை, வீட்டுப் பத்திரத்தை, வங்கியில் இருக்கும் தாலிக்கொடியை மீட்க வருடக்கணக்காக அலைந்தவர்கள் நாங்கள். அந்த அலைச்சலில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அந்தப் பொருள் எங்களுடையது. அடகு வைத்த நகைக்குக் கையில் ஒரு துண்டாவது இருக்கும். போக்கர் மேசையில் தோற்ற காசுக்குத் துண்டு கிடையாது. அது அந்தக் கணமே மற்றவருடையதாகிவிட்டது. அடுத்த கைக்கு நீங்கள் முன்னர் தோற்றது தெரியாது, அது உங்களுக்கு எதையும் கடன்படவும் இல்லை. "தோற்றதை எடுத்துவிட்டு நிறுத்துகிறேன்" என்ற எண்ணம் வரும் கணம்தான் நிறுத்தவேண்டிய கணம்.

தேர்ந்தவர்கள் செய்வது என்ன?

அவர்கள் மனவுறுதியை நம்புவதில்லை. மனம் தெளிவாக இருக்கும்போதே விதிகளை எழுதி, பின்னர் அந்த விதிகளுக்குக் கீழ்ப்படிகிறார்கள்.

முதலாவது, விளையாட்டுக் காசு தனி. வீட்டுச் செலவு, பிள்ளைகளின் ரியூஷன் காசு, சீட்டுக்காசு எதுவும் அதில் கலக்காது. ஒரு மேசையில் 10 டொலரோடு உட்காருபவர், அதைப்போல் 30 மடங்காவது, அதாவது 300 டொலராவது, தனியாக வைத்திருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. இலங்கைக் காசில் அது ஏறத்தாழ 90,000 ரூபாய். முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை இருந்தால் மட்டுமே அந்தக் காசு விளையாட்டுக் காசு. அப்படி ஒரு தொகை இல்லாதவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், ஐந்தில் ஒன்று என்ற அந்தச் சாதாரண துரதிர்ஷ்டத்தையே தாங்கமாட்டார்.

இரண்டாவது, நட்ட எல்லை. ஒரு நாளில் இவ்வளவு தோற்றால் செயலியை மூடுவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பார்கள். மூன்றாவது, நேர எல்லை. வென்றாலும் தோற்றாலும் மணி அடித்ததும் எழுந்துவிடுவார்கள். நான்காவது, ஒரே மேசை, ஒரே வேலை. தொலைக்காட்சி, அரட்டை எதுவும் பக்கத்தில் இராது. ஐந்தாவது, களைப்போடும் கோபத்தோடும் குடித்துவிட்டும் உட்காருவதில்லை. ஆறாவது, ஒவ்வொரு நாளும் கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று எழுதி வைப்பார்கள்.

இந்த ஆறையும் ஒருவர் கடைப்பிடித்தால் நட்டம் குறையும். இலாபம் வரும் என்பதற்கு அப்போதும் உத்தரவாதம் இல்லை.

மேசைக்கு அடியில் ஒரு ஓட்டை

அதற்குக் காரணம், நிறுவனம் ஒவ்வொரு கையிலும் எடுக்கும் கொமிஷன். சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 5 அளவில், ஒரு உச்ச எல்லைக்கு உட்பட்டு எடுப்பது பல தளங்களில் வழக்கம். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 6 பேர் தலைக்கு 10 டொலரோடு உட்காருகிறார்கள். மேசையில் மொத்தம் 60 டொலர். ஒரு கையில் சராசரியாக 1 டொலர் சேர்ந்தால் கொமிஷன் 5 சதம். இணையத்தில் மணிக்கு 70 கைகள்வரை ஓடும். அப்படியானால் மணிக்கு மூன்றரை டொலர் வெளியே போகிறது. யாரும் புதிதாகக் காசு போடாவிட்டால், 17 மணித்தியாலத்தில் அந்த 60 டொலரும் நிறுவனத்திடம் போய்விடும். ஆகவே மற்றவர்களைவிடச் சற்று நன்றாக ஆடுவது போதாது. கொமிஷனையும் தாண்டும் அளவுக்கு நன்றாக ஆடவேண்டும்.

நேரடியாக உட்கார்ந்து ஆடும் மேசையில் மணிக்கு 30 கைகள்கூட ஓடுவது அரிது. அங்கே சீட்டுக் கலைக்கும் நேரம் மனிதருக்கு மூச்சுவிடும் நேரம். இணையம் அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. கோபம் ஆறுமுன் அடுத்த சீட்டு வந்துவிடும்.

எதிரில் இருப்பது யார்?

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், 100 டொலருக்கும் குறைந்த இணையப் போட்டி ஒன்றின் வழியாக உலகத் தொடருக்குள் நுழைந்து 25 இலட்சம் டொலர் வென்றார். இணையப் போக்கர் உலகெங்கும் பரவியதற்கு அந்தக் கதை முக்கிய காரணம். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். மற்ற 838 பேரின் கதையை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அதன்பின் காலம் மாறிவிட்டது. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ராற்றஸ்' என்ற கணினி நிரல், 1,20,000 கைகளில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. 2019இல் 'புளுரிபஸ்' ஆறுபேர் ஆட்டத்திலும் வென்றது. தொலைபேசித் திரையில் ஒரு பெயருக்குப் பின்னால் இருப்பது மனிதரா நிரலா என்று சாதாரண ஆட்டக்காரரால் அறியமுடியாது.

நிறுவனத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. 'அல்ரிமேற் பெற்' தளத்தில் உள்ளே இருந்தவர்கள் மற்றவர்களின் மறைசீட்டைப் பார்த்து ஆடிய மோசடி 2008இல் வெளிவந்தது. 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு மூன்று பெரிய தளங்களை முடக்கியபோது, அவற்றில் ஒன்றான 'புல் ரில்ற்' ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 39 கோடி டொலர் கொடுக்கவேண்டியிருந்தும் வங்கியில் சுமார் 6 கோடிதான் வைத்திருந்தது என்று அரச தரப்பு குற்றம் சாட்டியது. உலகின் பெரிய தளங்களிலேயே இப்படி நடந்தது என்றால், முகவரியே இல்லாத ஒரு செயலியில் முறைப்பாடு செய்ய யாரிடம் போவது?

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழில் வரும் விளம்பரங்களில் பல இந்தியச் சந்தைக்காக எடுக்கப்பட்டவை. தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி, அவற்றின் மீதான தடையை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 2025இல் வந்த விதிகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை காசுக்கு ஆடுவதைத் தடுத்தன. நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே இல்லாமல், காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது.

இலங்கையில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. ஆனால் வெளிநாட்டுச் செயலி ஒன்றில் காசு போட்டவருக்குச் சட்டம் நடைமுறையில் கைகொடுக்கும் என்று எண்ணி இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

காசுக்காக அல்லாத ஆட்டம்

நற்றாஷா டவ் ஷுல் என்ற மானிடவியலாளர் லாஸ் வேகாஸ் இயந்திரச் சூதாட்டக்காரர்களை ஆராய்ந்து 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் பலர் வெல்வதற்காக ஆடவில்லை. நேரம், கவலை, உடம்பு எல்லாம் மறந்துபோகும் ஒரு நிலையில் தொடர்ந்து இருப்பதற்காக ஆடினார்கள் என்பது அவர் கண்டது. போருக்குப் பின்னான மனவடுவோடு வாழும் முன்னாள் படையினரிடையே சூதாட்டப் பிரச்சினை கூடுதலாக இருப்பதை அமெரிக்க, அவுஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரவில் நித்திரை வராதவர்கள், கண்ணை மூடினால் ஏதோ ஒன்று வந்து நிற்கிறவர்கள் எங்கள் மத்தியில் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு ஓயாமல் சீட்டுப் போடும் திரை ஒரு மருந்துபோலத் தோன்றலாம். அந்த நிலையில் மேலே சொன்ன ஆறு விதிகளும் வேலை செய்யா. நிறுத்தவேண்டிய நேரம் வரும்போது நிறுத்துவதையே மனம் பயப்படும். இதை ஒழுக்கக்கேடு என்று திட்டிப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் சூதாட்டப் பழக்கத்தை நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நோய்க்கு வைத்தியம் உண்டு.

தோற்றதைத் துரத்துவது, வீட்டில் தொகையை மறைப்பது, ஆடக் கடன் வாங்குவது, நிறுத்த முயன்று முடியாமல்போவது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்தை மேம்படுத்த முயலவேண்டாம். செயலியை அழியுங்கள். வங்கி அட்டையை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். கடனின் உண்மைத் தொகையை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

வீட்டில் ஒருவர் இப்படி அகப்பட்டிருப்பது தெரிந்தால், அவருடைய கடனை உடனே முழுவதும் கட்டிவிடாதீர்கள். கடன் தீர்ந்த கையோடு பலர் மீண்டும் மேசைக்குப் போகிறார்கள். முதலில் காசு போகும் வழியை அடையுங்கள். பிறகு அவரோடு இருந்து கணக்கை எழுதுங்கள். கடனை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.